சாக்கில் வந்த பூனை: கொட்டகைப் பூனைகள் நம்மை நம்பத் தொடங்குவது எப்படி?

சம்பா அறுத்து நெல் வீட்டுக்கு வந்து சேர்ந்த தை மாதம் அது. பக்கத்து வீட்டு அண்ணன் எலித்தொல்லை தாங்காமல், பாபநாசம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லிலிருந்து இரண்டு பூனைகளைப் பிடித்துச் சாக்கில் கட்டி, மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்தார். மாட்டுக் கொட்டகையில் சாக்கை அவிழ்த்தார். கறுப்புப் பூனை வெளியே வந்த வேகத்தில் கொல்லை வேலியைத் தாண்டிக் குடமுருட்டிக் கரைப் பக்கம் ஓடிவிட்டது. சாம்பல் நிறப் பெட்டை, வைக்கோல் போருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு முழச் சந்துக்குள் புகுந்துகொண்டது. மூன்று நாளாக அதன் கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"பாலும் வச்சேன், மீனும் வச்சேன். கிட்டப் போனா சீறுது தம்பி. நன்றி கெட்ட ஜென்மம்" என்று அண்ணன் அலுத்துக்கொண்டார்.

அவர் மேல் தப்பில்லை. நாய் ஆளோடு இருக்கும், பூனை வீட்டோடு இருக்கும். நாய்க்கு நன்றி உண்டு, பூனைக்குக் கிடையாது. நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த பேச்சு இது. இதில் முதல் பாதி பெரும்பாலும் சரி. அதைச் சரியாகப் புரிந்துகொண்டாலே கொட்டகைப் பூனையைப் பழக்கும் வேலை பாதி முடிந்த மாதிரி. இரண்டாம் பாதிதான் தவறு. நன்றி கெட்டது, திருட்டுப் புத்தி, திமிர் என்று நாம் பெயர் வைப்பதெல்லாம் பூனையின் பக்கத்திலிருந்து பார்த்தால் பயம்தான். அந்தப் பயம் எப்படி வருகிறது, எப்படி வடிகிறது என்பதை முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன்.

எல்லாப் பூனையும் ஒரே பூனை இல்லை

நாம் பொதுவாக "பூனை" என்று சொல்வதற்குள் குறைந்தது மூன்று விதம் இருக்கிறது. மடியில் வந்து படுக்கிற வீட்டுப் பூனை ஒன்று. ஒரு காலத்தில் வீட்டில் வளர்ந்து, பிறகு கைவிடப்பட்டுத் தெருவுக்கு வந்த பூனை இன்னொன்று. இது முதலில் ஓடும், ஆனால் ஆளைப் பற்றிய பழைய நினைவு உள்ளே இருப்பதால் சில நாளிலேயே திரும்பிவிடும். மூன்றாவது, மில்லிலும் குடோனிலும் வைக்கோல் போரிலும் பிறந்து, ஆள் நடமாட்டத்தைப் பார்த்தே வளர்ந்தும் ஆள் கை படாத பூனை. இந்தக் கட்டுரையில் கொட்டகைப் பூனை என்று நான் சொல்வது இந்த மூன்றாவதைத்தான். காட்டுப்பூனை என்று நாம் வயல்வெளியில் பார்க்கிற நீண்ட கால்காரன் வேறு இனம்; அதைக் கொண்டுவந்து வளர்க்கக் கூடாது, சட்டமும் அனுமதிக்காது.

கொட்டகைப் பூனை பாதி வழியில் நிற்பது ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழ்கிற வேறொரு காட்டுப் பூனை இனம் என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மேற்காசியாவில் மனிதன் தானியம் விளைவித்துச் சேமிக்கத் தொடங்கியபோது எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுப் பழமையான ஒரு மனிதக் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-இல் வெளியிட்டார்கள். மாட்டை நாம் பிடித்து வந்து கட்டினோம். பூனையை யாரும் அப்படிக் கட்டிப்போட்டுப் பழக்கியதாகத் தெரியவில்லை. அது தானாகக் குதிருக்கும் பத்தாயத்துக்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஆள் மேல் பயம் குறைவாக இருந்த பூனைகளுக்கு அந்த இடத்தில் சாப்பாடு கிடைத்தது, அவற்றின் குட்டிகள் பெருகின. ரைஸ் மில் பூனை இன்றும் அந்தப் பழைய ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது: பக்கத்தில் இருப்பேன், தொடாதே.

கொக்கும் டிராக்டரும்

நடவுக்குச் சேறு அடிக்கும்போது பார்த்திருப்பீர்கள். டிராக்டர் சக்கரத்துக்கு இரண்டு அடி பின்னால், அந்தச் சத்தத்துக்கும் புகைக்கும் நடுவில், கொக்குகள் கூட்டமாக நடந்துகொண்டிருக்கும். அதே வரப்பில் நீங்கள் கொக்கைப் பார்த்துக்கொண்டே நேராக நடந்து போங்கள். முப்பது அடிக்கு முன்னாலேயே பறந்துவிடும். டிராக்டரைவிட நாம் பயங்கரமானவர்களா?

ஒவ்வொரு மிருகத்துக்கும் தன்னைச் சுற்றி ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டைத் தாண்டி ஒருவர் வந்தால் ஓடும், தாண்டாதவரை நிற்கும். இதை விலகு தூரம் என்று சொல்லலாம். இந்தத் தூரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. டிராக்டருக்கு இரண்டு அடி, நேராகப் பார்த்து வருகிற மனிதனுக்கு முப்பது அடி. கவனித்துக்கொண்டு, நேர்கோட்டில், வேகமாக வருவதுதான் வேட்டையாடுபவரின் நடை. டிராக்டர் தன் பாட்டுக்கு வந்து தன் பாட்டுக்குப் போகிறது. அதற்குக் கொக்கின் மேல் ஒரு எண்ணமும் இல்லை என்பது கொக்குக்குப் பலமுறை பார்த்துத் தெரிந்துவிட்டது. ஒரு விஷயம் திரும்பத் திரும்ப நடந்தும் கெடுதல் வராவிட்டால், அதன் மேல் இருக்கும் பயம் தானாகத் தேய்கிறது. இதற்குப் பழகிப்போதல் என்று பெயர்.

சாம்பல் பூனைக்கு நாங்கள் சாம்பி என்று பெயர் வைத்திருந்தோம். முதல் வாரம் சாம்பியின் விலகு தூரம் என்னைப் பொறுத்தவரை பன்னிரண்டு அடி. கொட்டகையில் இருந்த பசுவைப் பொறுத்தவரை ஒரு அடிகூட இல்லை. பசு தலையை ஆட்டினாலும் அது அசையாது. நான் வாசலில் நிழலாகத் தெரிந்தாலே சுருங்கிவிடும். அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் பசு மாதிரி நடந்துகொண்டால் என்ன?

சுருக்கிச் சொன்னால் இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கொட்டகைப் பூனைக்கு நம் மேல் வெறுப்பு இல்லை, ஒரு விலகு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை நாம் குறைக்கப் பார்த்தால் அது கூடும். நாம் சும்மா இருந்தால் பூனையே குறைத்துக்கொள்ளும்.

சூடு கண்ட பூனை

பழகிப்போதல் பயத்தைத் தேய்க்கும், அவ்வளவுதான். விருப்பத்தை உண்டாக்காது. அதற்கு வேறொரு வழி இருக்கிறது. நம் பழமொழியிலேயே இருக்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது.

பூனைக்கு அடுப்பு என்றால் என்னவென்று தெரியாது. ஒரே ஒருமுறை அந்த இடமும் அந்த வலியும் சேர்ந்து வந்தன. அதற்குப் பிறகு இடத்தைப் பார்த்தாலே வலி வந்த மாதிரிதான். ஒன்றோடு ஒன்றை இப்படி முடிச்சுப் போட்டுக்கொள்வதை இணைத்துக் கற்றல் என்கிறார்கள். இதில் நமக்குச் சாதகமான பக்கமும் உண்டு. தட்டில் தட்டும் சத்தம், மீன் வாசனை, அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு ஆள். இந்த மூன்றும் தினமும் அதே வரிசையில் வந்தால், நாளாக நாளாக ஆளே நல்ல செய்தியாகிவிடுவார். ஆனால் நல்ல முடிச்சு இறுக நாற்பது நாள் ஆகும். கெட்ட முடிச்சு இறுக ஒரு நொடி போதும். பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்வது இந்தக் கணக்கினால்தான்.

இங்கேதான் நம் ஊரில் பலரும் செய்கிற, பார்த்தால் எனக்கு மனசு கனத்துவிடுகிற ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். பூனையைக் கழுத்தில் கயிறு போட்டுக் கட்டில் காலில் கட்டிவிடுவார்கள். முதல் நாள் கத்தும், துள்ளும், கயிற்றில் சுற்றிக்கொள்ளும். மூன்றாம் நாள் அமைதியாகிவிடும். குழந்தைகள் தூக்குவார்கள், தடவுவார்கள், அது அசையாது. "பாருங்க, அடங்கிருச்சு" என்பார்கள்.

அது அடங்கவில்லை. ஓட வழியில்லை, சண்டையிட வழியில்லை என்று தெரிந்த மிருகம் உறைந்துபோகிறது. பக்கத்தில் போய்ப் பாருங்கள். உடம்பு தரையோடு தட்டையாக ஒட்டியிருக்கும். காதுகள் பக்கவாட்டில் மடிந்திருக்கும். நல்ல வெளிச்சத்திலும் கண்மணி முழுக்க விரிந்து கறுப்பாக இருக்கும். மூச்சு வேகமாக ஓடும். ஆள் இருக்கும்போது ஒரு வாய் சாப்பிடாது. நிம்மதியான பூனையும் அசையாமல்தான் படுத்திருக்கும், ஆனால் காலை மடக்கியோ நீட்டியோ தளர்வாகப் படுத்திருக்கும்; காது நம் சத்தத்துக்குத் திரும்பும், கண் பாதி மூடியிருக்கும். இரண்டும் ஒன்றில்லை. கயிறு அவிழ்ந்த அன்றைக்கு அந்தப் பூனை ஓடிப்போவதும், "எவ்வளவு செஞ்சாலும் நிக்காது" என்று நாம் சொல்வதும் இதனால்தான்.

கையுறை போட்டுக்கொண்டு பிடரியைப் பிடித்துத் தூக்கி மடியில் அமுக்குவதும் இதே கணக்குதான். வளர்ந்த பூனையைத் தேவையில்லாமல் பிடரியில் பிடித்துத் தூக்க வேண்டாம்.

முதலில் இடம், அப்புறம் ஆள்

கறுப்புப் பூனையின் கதைக்கு வருகிறேன். இரண்டு வாரம் கழித்து அதை மில்லில் பார்த்ததாக அங்கே மூட்டை தூக்குகிறவர் சொன்னார். நாலு கிலோமீட்டர், நடுவில் ஒரு ஆறு. பூனையை ஆற்றுக்கு அக்கரையில் விட்டாலும் திரும்பி வந்துவிடும் என்று நாம் சொல்வது சும்மா இல்லை.

பூனை தன் உலகத்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, மூக்கால் வரைந்து வைத்திருக்கிறது. அதன் கன்னத்திலும் தாடையிலும் பாதத்திலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. தூணிலும் கதவு நிலையிலும் கன்னத்தைத் தேய்க்கும்போது அது தன் வாசனையைப் பூசிவிட்டுப் போகிறது. இதை மணக்குறி என்று வைத்துக்கொள்வோம். நாம் வாசல் நிலையில் மஞ்சள் குங்குமம் வைப்பது போல. இது நம் வீடு என்று சொல்லும் அடையாளம். தன் மணக்குறி இருக்கும் இடத்தில் பூனைக்கு நெஞ்சுத் துடிப்பு அடங்குகிறது. ஒன்றுமே இல்லாத புது இடத்தில் அது அந்நிய ஊர் பஸ் ஸ்டாண்டில் நடுராத்திரி இறக்கிவிடப்பட்ட மாதிரி நிற்கிறது. அந்த நிலையில் ஆளோடு பழகு என்றால் எப்படிப் பழகும்?

அதனால் புதிதாகக் கொண்டுவரும் பூனையைத் திறந்த கொட்டகையில் அவிழ்த்துவிடவே கூடாது. ஒரு அறையில், அல்லது கம்பி வலை அடித்த பெரிய கூண்டில், மூன்றிலிருந்து நான்கு வாரம் வைக்க வேண்டும். இது தண்டனை இல்லை. அந்த அறையிலிருந்து கொட்டகையின் சத்தத்தையும் வாசனையையும் அது கேட்டு, மோந்து, மனதுக்குள் வரைபடம் போட்டுக்கொள்ள வேண்டும்.

சாம்பியை எங்கள் பழைய நெல் அறைக்குள் கருவாட்டு வாசனை காட்டி வரவைத்து, ஒரு சாயங்காலம் கதவைச் சாத்தினோம். மரப் பத்தாயம் ஒன்று அந்த அறையில் சும்மா கிடந்தது. சன்னலுக்குக் கோழிவலை அடித்தோம். மூலையில் ஒரு டிவி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் மட்டும் வெட்டி வைத்தோம். அதற்குள் அவள் வந்த அதே சாக்கை, துவைக்காமல், மடித்துப் போட்டோம். மில் வாசனை அதில் இருந்தது. அந்த அறையில் அவளுக்குத் தெரிந்த ஒரே பொருள் அதுதான். ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தால் வெளியே வராமலே போய்விடும் என்று வீட்டில் பயந்தார்கள். நடந்தது தலைகீழ். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துப் பூனைகளிடம் செய்து 2014-இல் வெளியான ஆய்விலும் இதைத்தான் பார்த்தார்கள்: ஒளியப் பெட்டி கிடைத்த பூனைகளுக்குத்தான் பதற்றம் சீக்கிரம் குறைந்தது. திரும்பி ஓட ஒரு இடம் இருந்தால்தான் முன்னால் வரத் தைரியம் வரும்.

மலம் கழிக்க ஒரு பழைய பிளாஸ்டிக் பேசினில் காய்ந்த மணல், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி. தண்ணீர்க் கிண்ணமும் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். கொட்டகைப் பூனையைக் கொண்டுவர நல்ல காலம் சம்பா அறுப்பு முடிந்த தை, மாசி. ஐப்பசி அடைமழையிலும் தீபாவளி வெடிக்கு நடுவிலும் கொண்டுவந்தால் பாவம், அது எதை நம்பும்?

ஒன்றுமே நடக்காத நாட்கள்

முதல் பத்து நாள் பலருக்கு நம்பிக்கை போய்விடுகிறது. வைத்த சாப்பாடு ராத்திரியில் காலியாகும், பூனையைக் கண்ணால் பார்க்க முடியாது. மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் மறுநாளே கடைமடையில் நாற்று விட முடியுமா? காய்ந்து கிடக்கிற வாய்க்கால் மண் முதலில் தான் குடிக்கும். தண்ணீர் வீணாகவில்லை, மண்ணுக்குள் போயிருக்கிறது. பூனைக்கு நீங்கள் வைத்த முதல் இருபது தட்டுச் சாப்பாடும் அப்படித்தான்.

இந்த நாட்களில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மாறாத நேரம். காலையில் ஆறரை, சாயங்காலம் ஆறு. ஒரே ஆள், ஒரே தட்டு, தட்டில் கரண்டியால் மூன்று தட்டு, ஒரே மாதிரி மெல்லிய குரலில் பெயர். பூனைக்குத் தன் பெயரை மற்ற வார்த்தைகளிலிருந்து பிரித்துக் கேட்கத் தெரியும் என்று ஜப்பானில் 2019-இல் நிரூபித்திருக்கிறார்கள். அறைக்குள் சாப்பாட்டைப் போட்டே வைத்துவிட்டால் இந்த முடிச்சு விழாது. அரை மணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

தட்டில் என்ன

பால்சோறும் தயிர்சோறும்தான் பூனைக்கு உணவு என்று நாம் நினைக்கிறோம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாது, வயிற்றுப்போக்கு வரும். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்பதும் மரபணு மூலம் உறுதியான விஷயம். அது முழுக்க முழுக்கக் கறி தின்னும் உடம்பு. டாரின் என்ற ஒரு சத்து அதற்குக் கறியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கண்பார்வையும் இதயமும் கெடும். வெறும் சோற்றில் அது இல்லை.

மத்தியோ நெத்திலியோ கெண்டையோ, உப்பு மசாலா போடாமல் வேகவைத்து, முள் நீக்கி, கொஞ்சம் சோற்றில் பிசைந்து வையுங்கள். வாரத்தில் சில நாள் முட்டை, கோழி ஈரல் கொஞ்சம். கருவாட்டை வாசனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உப்பு அதிகம். முக்கியமாக, மீந்துபோன மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்து வைக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நம் வீடுகளில் அன்போடு செய்யப்படும் தவறு இது.

பக்கவாட்டில் உட்கார்வது

இரண்டாவது வாரம் நான் சாப்பாட்டை வைத்துவிட்டு வெளியே போகாமல், கதவோரம் தரையில் உட்காரத் தொடங்கினேன். நேராக இல்லை, பக்கவாட்டில் திரும்பி. நின்றால் நாம் பெரிய உருவம். உற்றுப் பார்த்தால் வேட்டைக்காரர். பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, கையில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டால் நாம் பசு. நான் சணல் பிரித்துக்கொண்டிருப்பேன்.

பதினேழாம் நாள். தட்டு எனக்கு எட்டு அடி தள்ளி இருந்தது. பெட்டி வாசலில் முதலில் மீசை வந்தது, அப்புறம் மூக்கு. ஒரு காலை வைத்தாள், எடுத்தாள். மறுபடி வைத்தாள். வயிறு தரையில் உரச, தட்டுவரை வந்து, ஒரு மீன் துண்டைக் கவ்விக்கொண்டு பெட்டிக்கே ஓடிவிட்டாள். நான் தலையைத் திருப்பவில்லை. இரண்டாம் முறை வந்தபோது தட்டின் பக்கத்திலேயே நின்று தின்றாள், ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. அன்றைக்கு நான் அந்த அறையிலிருந்து பின்பக்கமாகத் தவழ்ந்து வெளியே வந்தேன். எழுந்து நின்றால் எல்லாம் போய்விடுமோ என்ற பயம்.

தட்டை நம் பக்கம் நகர்த்துவது ஒரு நாளைக்கு ஒரு சாண் போதும். பூனை தயங்கினால் மறுநாள் ஒரு சாண் பின்னால் வையுங்கள். பின்னால் போவது தோல்வி இல்லை. தூரத்தை முடிவு செய்வது தன் கையில்தான் இருக்கிறது என்று அதற்குத் தெரிகிற ஒவ்வொரு நாளும் அந்தத் தூரம் சுருங்கும். என்னைக் கேட்டால், மொத்த வித்தையும் இதில்தான் இருக்கிறது.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். பூனை நம் எதிரில் மெல்லக் கண்ணை மூடித் திறந்தால், உன் முன்னால் கண்ணை மூடும் அளவுக்கு எனக்குப் பயமில்லை என்று அர்த்தம் கொள்ளலாம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் மெதுவாகக் கண்ணைச் சுருக்கி மூடித் திறந்தபோது பூனைகளும் அதே மாதிரி பதில் சொன்னதையும், அப்படிச் செய்த அந்நியரிடம் பூனைகள் நெருங்கி வர வாய்ப்பு கூடியதையும் பதிவு செய்திருக்கிறார்கள். செய்து பாருங்கள். முகத்தைத் தளர்த்தி, பாதி மூடி, ஒரு மூச்சு விட்டு, மெதுவாகத் திறங்கள். அப்புறம் பார்வையை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

தொடுவதற்கு அவசரம் வேண்டாம். அது உங்கள் அருகில் வரும்போது ஒரு விரலை மூக்கு உயரத்தில் நீட்டி, அசையாமல் வைத்திருங்கள். மோந்துவிட்டுக் கன்னத்தை விரலில் தேய்த்தால், உங்கள் மேல் மணக்குறி வைக்கிறது. வீட்டுத் தூண்களில் நீங்களும் ஒருவர் ஆகிவிட்டீர்கள். அப்போது கன்னம், தாடை, காதின் அடி, இவ்வளவுதான். வயிறும் வாலும் வேண்டாம். மூன்று முறை தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். வால் நுனி துடித்தாலோ முதுகுத் தோல் சிலிர்த்தாலோ அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

அப்படியும் கீறிவிட்டால், கடித்துவிட்டால், விளையாட்டாக விடக்கூடாது. வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை, பூனையாலும் வரும். வந்தபின் மருந்து இல்லை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் அப்பிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

வைக்கோல் போரில் குட்டிகள்

குட்டிகளின் கணக்கு வேறு. இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை பூனைக் குட்டியின் மூளை, யாரெல்லாம் நம்மவர் என்று எழுதிக்கொள்கிறது. இதற்குப் பழகு பருவம் என்று பெயர். அமெரிக்காவில் ஐலீன் கார்ஷ் என்ற ஆய்வாளர் 1980-களில் இதை விரிவாகப் பார்த்தார். இந்த வாரங்களில் மனிதக் கை பட்ட குட்டிகள் பிற்காலத்தில் ஆளிடம் வந்தன. ஏழு வாரத்துக்குப் பிறகு தொடங்கியவை அவ்வளவாக வரவில்லை. ஈரச் சிமெண்டில் பதியும் கால்தடம் மாதிரி. காய்ந்த பிறகு பதிக்க முடியாது என்றில்லை, உளி வேண்டும். சாம்பியோடு நாங்கள் செய்தது உளி வேலை.

தகப்பனுக்கும் இதில் பங்கு உண்டு. கடுவன், அதாவது ஆண் பூனை, குட்டிகளை வளர்ப்பதே இல்லை. இருந்தும், துணிச்சலும் இணக்கமும் உள்ள கடுவனின் குட்டிகள் துணிச்சலாக இருப்பது ஆய்வுகளில் தெரிகிறது. ஒரே ஈற்றில் ஒன்று மடிக்கு வருவதும் இன்னொன்று போருக்குள் ஓடுவதும் வளர்ப்பின் குறை மட்டும் இல்லை. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன் இருக்கவும் கூடும்.

மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கும்போது குட்டிகள் தட்டுப்பட்டால், "கை பட்டா தாய் ஒதுக்கிரும்" என்று பயப்பட வேண்டாம். மனித வாசனைக்காகத் தாய்ப்பூனை குட்டியைக் கைவிடுவது அரிது. ஆனால் இடம் பாதுகாப்பில்லை என்று தோன்றினால் குட்டிகளை வாயில் கவ்வி வேறிடம் மாற்றும். பூனை ஏழு வீடு மாறும் என்று அதைத்தான் சொல்கிறோம். அதனால் முதல் இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகாமல், தாய்க்கு மட்டும் தினமும் சாப்பாடு வையுங்கள். தாய் உங்களை ஏற்றுக்கொண்டால் மூன்றாவது வாரத்திலிருந்து குட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் எடுக்கலாம். எட்டு வாரத்துக்கு முன்பு தாயைப் பிரிக்காதீர்கள்.

கதவைத் திறக்கிற நாள்

அறையில் வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது, ஆள் இருக்கும்போதே சாப்பிடுகிறது, தட்டுச் சத்தத்துக்குப் பெட்டியிலிருந்து வருகிறது. இந்த மூன்றும் இருந்தால் கதவைத் திறக்கலாம். சாயங்காலச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்பு, பசியோடு இருக்கும்போது திறங்கள். திரும்பி வரக் காரணம் இருக்கும். பெட்டியும் சாக்கும் அதே இடத்தில் இருக்கட்டும்.

சோறு போட்டால் எலி பிடிக்காது என்று சாப்பாட்டை நிறுத்திவிடுவார்கள். பூனையின் வேட்டை ஆசை பசியோடு மட்டும் கட்டப்பட்டதில்லை. தின்றுகொண்டிருக்கும் பூனை எலியைக் கண்டதும் தட்டை விட்டுப் போய்க் கொன்றுவிட்டுத் திரும்பவும் தட்டுக்கே வருவதை 1970-களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பட்டினி போட்டால் எலி குறையாது, பூனைதான் குறையும். அதே நேரம் பூனையிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்கவும் கூடாது. சுண்டெலியும் சின்ன எலியும் பிடிக்கும். பெரிய பெருச்சாளியைக் கண்டால் பெரும்பாலான பூனைகள் ஒதுங்கிவிடும். அதற்குத் தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறிதான் வழி.

பூனை வைத்திருக்கும் வீட்டில் எலி மருந்து வேண்டாம். மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் பூனைக்கும் அதே விஷம். பக்கத்து வயல்காரர் மருந்து வைக்கும் நாட்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நாட்களில் பூனையை அறையில் வைத்திருங்கள். காய்ச்சல் மாதிரி தெரிகிறதே என்று பாரசிட்டமால் கொடுப்பதும் கூடாது; பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று கருத்தடை. பெட்டை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படும், 63 முதல் 65 நாளில் ஈனும், பால் கொடுக்கும்போதே மறுபடி சினைப்படவும் கூடும். ஒரு பூனையைப் பழக்க மூன்று மாதம் செலவழித்துவிட்டு, வருஷத்துக்குப் பத்துக் குட்டிகளைப் போருக்குள் விடுவதில் அர்த்தமில்லை. உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசியையும் அப்போதே போட்டுவிடலாம்.

எல்லாக் கொட்டகைப் பூனையும் மடிக்கு வராது. சிலது ஆறு அடியில் நின்றுவிடும்; அந்த ஆறு அடியில் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினால் அந்தப் பூனை பழகிவிட்டது என்றுதான் சொல்வேன். சாம்பி என்னிடம் கன்னம் தேய்க்க எழுபது நாளுக்கு மேல் ஆனது. இன்றுவரை மடியில் படுத்ததில்லை.

போன ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. நெல் அறையில் பத்தாயத்தின் மேல் அதே சாக்கில் சாம்பி சுருண்டிருந்தாள். அண்ணன் குடையோடு உள்ளே வந்தார். அவள் எழுந்தாள், நாலு அடி பின்னால் போனாள், உட்கார்ந்து பார்த்தாள். ஓடவில்லை. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் குடையை மடக்கிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, சுவரோரமாகப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார்.